மழலையும் மறதியும்

சென்ற பங்குனி மாதத்தில் ஒரு காலைப் பொழுது. திருச்சிராப்பள்ளியிலிருந்து இரயிலில் நெடும்பயணம் செய்து புணே நிலையத்தில் இறங்கிய எங்கள் அன்னையார், அங்கிருந்து கட்கியில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்து சேர்ந்தார். ஒன்றரை வயதுப் பேத்தி வாயிற்படியில் நின்றுகொண்டிருந்தாள். பிறந்த நாள் முதல் பத்தாம் மாதம் வரையில் அவளை மடியிலும் தோளிலும் வைத்து வளர்த்தவர் அந்தப் பாட்டியே. அதன்பின் எட்டு மாதம் பிரிவு. "யாரு வந்திருக்கா பாரு, பாட்டிடீ கண்ணு" என்று அன்னையார் இரு கைகளையும் நீட்டினார். குழந்தை ஒரு கணம் உற்று நோக்கியது, உதட்டைப் பிதுக்கியது, தாயின் சேலை மடிப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வீரிட்டு அழத் தொடங்கிவிட்டது. "என்னை மறந்துட்டாளே" என்று ஒரு வார்த்தைதான் அன்னையார் சொன்னார். கொண்டுவந்த பெட்டியைத் திறக்கவும் மனமின்றிக் கூடத்து மூலையில் அமர்ந்துவிட்டார்.

வெளி மாநிலங்களில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுள் இக்காட்சியைக் காணாதது அரிது. கட்கியிலே 1869ஆம் ஆண்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. பம்பாய்ப் பொறியாளர் படைப்பிரிவின் தலைமையகமும் இவ்வூரிலேதான் இருக்கிறது. பிழைப்பை நாடி இப்பக்கம் வந்த தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றனர். தாத்தாவும் பாட்டியும் காவிரிக் கரையில். பேரக் குழந்தை மூளா நதிக் கரையில். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் அதுவே பெரும்பேறு. ஆகவே, குழந்தை உண்மையிலேயே மறந்துவிடுகிறதா, பேச்சு வரும் பருவத்தில் உற்றாரின் முகமும் பெயரும் அதன் உள்ளத்தில் எவ்வாறு பதிகின்றன என்னும் வினாக்கள் நமக்கு வெறும் விஞ்ஞான வினாக்கள் அல்ல.

முதலில் அந்த அழுகையைப் பற்றிச் சொல்லிவிடுவோம். நான்கைந்து மாதக் குழந்தை யார் கையை நீட்டினாலும் போகும். ஏழெட்டு மாதம் ஆனவுடன் புதியவரைக் கண்டால் மிரளத் தொடங்கும். ஒன்றரை வயது வரையிலும், சில குழந்தைகளிடம் அதற்கு மேலும், இவ்வச்சம் நீடிக்கும். நாள்தோறும் காணும் முகங்கள் உள்ளத்தில் உறுதியாகப் பதிந்துவிட்டதனாலேயே மற்ற முகம் வேற்று முகமாகத் தோன்றுகிறது. அழுகிற குழந்தைக்கு நினைவு இல்லை என்று எண்ணுவது தவறு. நினைவு இருப்பதனாலேயே அது அழுகிறது. இதை அன்று அன்னையாரிடம் எடுத்துச் சொன்னோம். அவர் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

குரலை அறியும் ஆற்றல் முகத்தை அறியும் ஆற்றலுக்கும் முந்தியது. கருவிலிருக்கும் சிசு கடைசி மூன்று மாதங்களில் தாயின் குரலைக் கேட்கிறது. பிறந்து மூன்று நாள் நிரம்பாத மகவுகள் பிற பெண்டிரின் குரலைவிடத் தம் தாயின் குரலைக் கேட்கவே விரும்புகின்றன என்பதை 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் சோதித்து வெளியிட்டனர். இரப்பர்க் காம்பைக் குழந்தை சப்பும் வேகத்திற்கு ஏற்பக் குரல் மாறி ஒலிக்குமாறு அவர்கள் அமைத்திருந்தனர். தாயின் குரல் வரும் வகையில் குழந்தைகள் தம் சப்பும் முறையையே மாற்றிக்கொண்டன.

நாலரை மாதத்தில் குழந்தை தன் பெயரின் ஒலியைப் பிற பெயர்களினின்றும் பிரித்துக் கேட்கிறது. ஆறு மாதத்தில் நிகழ்வது இன்னும் வியப்பானது. 1999இல் டிங்காஃப், ஜஸ்சிக் என்னும் இருவர், ஆறு மாதக் குழந்தைகளின் முன்னே தாயின் படமும் தந்தையின் படமும் அருகருகே ஓடும்படி செய்து, தாயைக் குறிக்கும் சொல்லையும் தந்தையைக் குறிக்கும் சொல்லையும் மாறி மாறி ஒலிக்கச் செய்தனர். எச்சொல் ஒலித்ததோ அவருடைய படத்தையே குழந்தைகள் கூடுதலாக நோக்கின. வேறொரு பெண்ணையும் ஆணையும் காட்டியபோது அவ்வாறு நோக்கவில்லை. ஆறு மாதக் குழந்தைக்கு 'அம்மா' என்பது பொதுப்பெயர் அன்று. தன்னைத் தூக்கி வளர்க்கும் ஒருத்திக்கே உரிய இயற்பெயர்.

அச்சொற்களை வாயால் சொல்வதற்கு இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். உலக மொழிகள் பலவற்றிலும் தாய் தந்தையரைக் குறிக்கும் சொற்கள் ஏன் ஒன்றுபோல் ஒலிக்கின்றன என்று ரோமன் யாக்கப்சன் என்னும் மொழியறிஞர் 1960இல் வெளியான கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார். இதழ் மூடித் திறப்பதால் பிறக்கும் மகர பகரங்களும், நுனி நாவால் பிறக்கும் தகர நகரங்களும் குழந்தைக்கு எளியவை. தமிழ் உறவுப் பெயர்களை இந்தக் கண்கொண்டு பாருங்கள்: அம்மா, அப்பா, மாமா, தாத்தா, அத்தை. குழந்தையின் வாய்க்கென்றே அளந்து தைத்த சட்டைகள்போல் இருக்கின்றன. ஒலிப்பதற்கு அரிய ழகரமோ ரகரமோ ஒன்றிலும் இல்லை.

அலுவலகத்தில் ஆங்கிலத்தையும் இந்தியையும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவதே நமது தொழில். ஆங்கிலப் படிவங்களில் 'அங்கிள்' என்றிருக்கும் ஒரு சொல்லுக்குப் பெரியப்பாவா, சித்தப்பாவா, மாமாவா என்று அறியாமல் பேனாவை மேலே வைத்துக்கொண்டு அமர்ந்த நாட்கள் பல. ஆனால் எங்கள் வீட்டுச் சிறுமியின் சங்கடத்தோடு ஒப்பிட்டால் நமது சங்கடம் ஒன்றுமில்லை. அடுத்த வீட்டு மராத்தியக் குடும்பத்தில் தந்தையின் உடன்பிறந்தாரைக் 'காகா' என்று அழைக்கிறார்கள். எங்கள் வீட்டில் 'காக்கா' என்பது சன்னலில் வந்து அமரும் பறவை. அவர்கள் வீட்டில் 'தாதா' என்றால் தமையன். எங்கள் வீட்டில் 'தாத்தா' என்றால் நரைத்த தலை. ஓர் இரட்டிப்பும் ஒரு சிறு ஒலி வேறுபாடுமே இவற்றைப் பிரிக்கின்றன. இரண்டொரு வாரம் அவள் தடுமாறினாள் என்பது உண்மை. பின்னர் அடுத்த வீட்டுக்காரரையும் பறவையையும் தக்கபடியே அழைக்கத் தொடங்கிவிட்டாள். 'மாமா' மட்டும் இரண்டு மொழியிலும் மாமாவாகவே இருந்தது நல்லதாயிற்று.

குழந்தைகளுக்கென்று பெரியோர் பேசும் கொஞ்சுமொழியை ஆராய்வதில் இந்தப் புணே நகருக்குத் தனிப் பங்கு உண்டு என்பதை இங்கே குறிப்பிடலாம். டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய மொழியியல் அறிஞர் அசோக் கேள்கர் 1964இல் மராத்தியக் கொஞ்சுமொழியைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் சார்லஸ் ஃபெர்குசன் ஆறு மொழிகளின் கொஞ்சுமொழிகளை ஒப்பிட்டு எழுதியபோது அவற்றுள் மராத்தியும் ஒன்று. சொல்லை இரட்டித்தல், கடின ஒலியை எளிதாக்கல், குரலை உயர்த்திப் பாடுவதுபோல் பேசுதல் ஆகியவை எங்கும் காணப்படுகின்றன. நாம் சோற்றை 'மம்மு' என்பதும் உறங்குவதைத் 'தாச்சி' என்பதும் அவ்வகையே.

ஒன்றரை வயதளவில் குழந்தைக்குச் சுமார் ஐம்பது சொற்கள் வாய்க்கும். அச்சொற்களை அது தாராளமாகச் செலவிடும். எங்கள் சிறுமிக்குப் பால்காரரும் தாத்தா, கட்கிச் சந்தையில் காய் விற்பவரும் தாத்தா, காசுத் தாளில் இருக்கும் காந்தியடிகளும் தாத்தா. மேனாட்டு நூல்கள் இதனைப் பொருள் மிகைப்படுத்தும் பிழை என்று கூறும். தமிழர் வீட்டில் இதைப் பிழை என்று சொல்லத் தயக்கமாக உள்ளது. தெருவில் போகும் முதியவரைக் காட்டி "தாத்தாவுக்கு டாட்டா சொல்லு" என்று கற்பிப்பவர்கள் நாம்தாமே!

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களை நேயர்கள் அறிவார்கள். அவற்றை மூன்றாம் மாதம் தொடங்கி இருபத்தொன்றாம் மாதம் வரையில் வகுத்து வைத்தனர். செங்கீரை என்பதில் உள்ள 'கீர்' சொல்லைக் குறிக்கும் என்று பொருள் கொள்வாரும் உளர். அம்புலிப் பருவம் பதினைந்தாம் மாதம். நிலவைச் சுட்டிக் காட்டிக் குழந்தையோடு விளையாட அழைக்கும் பருவம் அது. குழந்தை விரலால் ஒன்றைச் சுட்டி, நாமும் அதைப் பார்க்கிறோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் வழக்கம் ஓராண்டு நிறையும் காலத்தில் தொடங்குகிறது என்று இன்றைய உளவியலார் கூறுகின்றனர். அச்சுட்டலே பேச்சுக்கு வாயில். நம் முன்னோரின் கணக்கு பெரிதும் பொருந்தியே இருக்கிறது.

இனி நினைவுக்கு வருவோம்.

சார்லஸ் டார்வின் தம் தலைமகன் வில்லியத்தைப் பிறந்தது முதல் கவனித்துக் குறிப்பெழுதி வந்தார். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் 1877இல் அவற்றை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். சரியாக ஏழு மாதத்தில், செவிலியின் பெயரைச் சொன்னால் குழந்தை அவளைத் தேடித் திரும்பிற்றாம். மூன்று வயதும் இருபத்துமூன்று நாளும் ஆனபோது, ஆறு மாதமாகப் பாராத பாட்டனாரின் படத்தைக் காட்டியவுடன் இன்னார் என்று கண்டுகொண்டு, அவர் வீட்டில் தங்கியிருந்தபோது நடந்தவற்றை வரிசையாகச் சொன்னானாம். இடையில் அவற்றைப் பற்றி யாரும் அவனிடம் பேசியதில்லை என்று டார்வின் உறுதி கூறுகிறார். ஊரில் இருக்கும் தாத்தாமார்கள் இதைப் படித்தால் மகிழ்வார்கள்.

பேச்சு வராத பருவத்து நினைவை எவ்வாறு அளப்பது? அமெரிக்காவில் கரோலின் ரோவி கோலியர் என்னும் அம்மையார் எளிய வழி ஒன்றைக் கண்டார். தொட்டிலின் மேலே தொங்கும் கிலுகிலுப்பைக்கும் குழந்தையின் காலுக்கும் இடையே ஒரு நாடாவைக் கட்டினார். காலை உதைத்தால் பொம்மை ஆடும். இதைக் கற்றுக்கொண்ட குழந்தை, சில நாள் கழித்து அதே பொம்மையைக் கண்டவுடன் உதைக்கிறதா என்று பார்த்தார். மூன்று மாதக் குழந்தை ஏறத்தாழ ஒரு வாரம் நினைவில் வைத்திருந்தது. ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரம். வளர வளரக் காலம் நீண்டது. அவர் கண்ட மற்றொன்றே நமக்கு முக்கியமானது. மறந்துவிட்டதாகத் தோன்றும் குழந்தைக்கு அந்தப் பொம்மை ஆடுவதைச் சிறிது நேரம் காட்டினால், போன நினைவு திரும்பிவிடுகிறது. அது அழிந்துபோகவில்லை, எட்டாத இடத்தில் இருந்தது.

அன்று மாலை எங்கள் இல்லத்தில் நடந்ததை இதனோடு சேர்த்துச் சொல்லலாமா என்று தெரியவில்லை. அன்னையாருக்குப் பற்கள் தளர்ந்துவிட்டமையால் வெற்றிலை பாக்கைச் சிறு இரும்பு உரலில் இட்டு இடித்தே போட்டுக்கொள்வார். விளக்கேற்றும் நேரத்தில் மூலையில் அமர்ந்து 'டொக் டொக்' என்று இடிக்கத் தொடங்கினார். குழந்தை விளையாட்டை நிறுத்திற்று. ஓரடி ஈரடியாக நகர்ந்து வந்து, பாட்டியின் முழங்காலில் கை வைத்து, உரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு மடியில் அமர்ந்துகொண்டது. பத்து மாதம் வரையில் நாள்தோறும் கேட்ட ஒலிதான் அது. பழைய நினைவு திரும்பிற்றோ, புதிய ஒலி ஒன்று ஈர்த்ததோ, நாம் சான்று கூற இயலாது. அன்னையாருக்கு ஐயம் ஏதும் இல்லை.

ஆனால் இவ்வளவு அன்பும் வளர்ந்தபின் நினைவில் நிற்குமா? நம்முள் பெரும்பாலோர்க்கு மூன்றரை வயதுக்கு முந்தைய நிகழ்ச்சி எதுவும் நினைவில்லை. மூளையில் நினைவைப் பதிக்கும் 'ஹிப்போகாம்பஸ்' என்னும் உறுப்பு சிசுப் பருவத்தில் வேலையே செய்யாது என்று முன்பு பலர் கருதினர். 1 வயதை எட்டிய குழந்தைகளிடம் அவ்வுறுப்பு நினைவுகளைப் பதிக்கிறது என்று ஏல் பல்கலைக் கழகத்தார் மூளைப் படங்களின் வாயிலாக 2025இல் காட்டினர். பதிவது பதிகிறது; பிற்காலத்தில் எடுக்க இயலவில்லை என்றே இப்போது பலரும் எண்ணுகின்றனர்.

இங்கேதான் சொல்லும் நினைவும் ஒன்றையொன்று பற்றுகின்றன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த சிம்காக், ஹேய்ன் என்னும் அம்மையார் இருவர் 2002இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். பொருள்களைச் சிறிதாக்கும் மாயப் பெட்டி ஒன்றை இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்குக் காட்டினர். ஆறு மாதமோ ஓராண்டோ கழித்து அதைப் பற்றிக் கேட்டனர். இதற்குள் குழந்தைகள் பல புதிய சொற்களைக் கற்றிருந்தும், அந்நிகழ்ச்சியைச் சொல்லும்போது அன்று தம்மிடம் இருந்த சொற்களையே கையாண்டன. அன்று சொல்லில்லாமல் கண்டதற்குப் பின்னர் கற்ற சொல்லைச் சூட்ட அவற்றால் இயலவில்லை.

ஆகவே நிகழும்போதே பெயர் சொல்வதும், நிகழ்ந்ததைத் திரும்பத் திரும்பப் பேசுவதும் நினைவுக்கு உரமாகின்றன. நியூசிலாந்து மவோரி மக்களின் முதல் நினைவுகள் பிறரைவிட முந்தியவை, சராசரியில் மூன்று வயதுக்கும் கீழானவை, என்று 2000இல் கண்டறிந்தனர். முன்னோர் வரலாற்றையும் குடும்பக் கதையையும் குழந்தையிடம் விரித்துச் சொல்லும் அவர்கள் வழக்கமே காரணமாகலாம் என்பது ஆராய்ந்தோர் கருத்து. "பாட்டி யாரு?" என்று தேர்வு வைப்பதனால் பயன் குறைவு. "பாட்டி வந்தாங்களே, உன்னை எங்கே கூட்டிக்கொண்டு போனாங்க? ஆட்டுக்குட்டி பார்த்தோமே, அது என்ன செய்தது?" என்று கதையை விரித்துக்கொண்டே போவதுதான் பயன்படும். இருந்தும் எல்லாம் நிற்பதில்லை. மூன்று வயதில் பேசிய நிகழ்ச்சிகளுள் அறுபது விழுக்காட்டுக்கு மேல் ஐந்து முதல் ஏழு வயது வரையில் நினைவில் இருந்தன என்றும், எட்டு ஒன்பது வயதில் அது நாற்பதுக்கும் கீழே இறங்கிற்று என்றும் பேட்ரிஷியா பாவர், லார்கினா ஆகிய இருவர் 2014இல் எழுதினர்.

கைபேசியில் முகம் பார்த்துப் பேசுவதால் பயனுண்டா என்று அன்பர் பலர் கேட்கின்றனர். தொலைக்காட்சிப் படம் வேறு, இது வேறு. சியாட்டில் நகரில் பேட்ரிஷியா குல் என்னும் அறிஞர், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழி பேசுவோரைக் கொண்டு பன்னிரண்டு தடவை விளையாட்டுக் காட்டச் செய்தார். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே பேச்சைத் தொலைக்காட்சியில் கண்ட குழந்தைகள் ஒன்றும் கற்கவில்லை. இது 2003இல் வெளிவந்தது. ஆனால் எதிரே இருப்பவர் குழந்தையின் சிரிப்புக்குச் சிரித்து, கேள்விக்கு விடை கூறும்போது நிலைமை மாறுகிறது. இரண்டு வயதுக் குழந்தைகள் நேரடி முகப்பேச்சின் வழியே புதிய சொற்களைக் கற்றன என்று 2014இல் காட்டப்பட்டது. திரையில் தோன்றும் பாட்டி வெறுமனே "கண்ணு, கண்ணு" என்று அழைப்பதைவிட, ஒரு கிண்ணத்தைத் தட்டியோ முக்காட்டில் மறைந்து தோன்றியோ விளையாடினால் நல்லது. அருகில் ஒருவர் அமர்ந்து இணைத்துக்கொண்டிருப்பதும் வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

இன்னொரு செய்தியைச் சற்று வருத்தத்துடனேயே சொல்கிறோம். குழந்தைப் பள்ளி ஒன்றில், வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள், மூன்று மொழிகள் சேர்ந்தால் பேச்சே குழம்பிவிடும் என்று எங்களுக்கு அறிவுரை கூறினார்கள். நல்லெண்ணத்தோடுதான் கூறினார்கள், ஆயினும் அக்கூற்றுக்கு ஆதாரமில்லை. பிரெஞ்சு நாட்டு ரோன்ஷா என்பவர் தம் மகன் லூயியிடம் தாம் பிரெஞ்சும் மனைவியார் ஜெர்மனும் மட்டுமே பேசி வளர்த்து 1913இல் நூல் எழுதினார். பையன் இரண்டிலும் தேர்ந்தான். இருமொழிக் குழந்தைக்கு ஒவ்வொரு மொழியிலும் சொற்கள் சில குறையலாம். இரண்டையும் கூட்டினால் மற்றக் குழந்தைகளுக்கு இணையே. ஒரு மொழியைக் கேளாமல் விட்டால்தான் இழப்பு. ஆங்கிலச் சூழலில் வளரும் ஆறு மாதக் குழந்தைகள் இந்தி மொழியின் டகர தகர வேறுபாட்டை நன்றாக உணர்ந்தன. ஓராண்டு நிறையுமுன் அவ்வாற்றல் பெரிதும் மங்கிவிட்டது என்று வெர்க்கர், டீஸ் என்னும் கனடா நாட்டார் 1984இல் கண்டனர். கட்கித் தெருவில் ளகரம் கிடைக்கும், மராத்தியில் அது உண்டு. ழகரம் வீட்டில் மட்டுமே கிடைக்கும். அதைக் கொடாவிட்டால் பாட்டியோடு பேச அந்தக் குழந்தைக்கு மொழியே இராது.

ஆனால் பேச்சுத் தாமதத்தை மொழிகளின் மேல் ஏற்றிக் காலம் கடத்துதலும் கூடாது. குமரகுருபரர் ஐந்து வயது வரையில் பேசாதிருந்து திருச்செந்தூரில் பேசினார் என்னும் வரலாற்றைச் சொல்லிக் காத்திருக்கும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம். ஓராண்டு ஆகியும் மழலை ஒலியோ சுட்டலோ இல்லை, ஒன்றரை வயதில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்க்கவில்லை, வந்த சொல் போய்விட்டது என்றால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். முதலில் காதைச் சோதிக்க வேண்டும். மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவிப்புல நிறுவனமும், பம்பாய் பாந்திராவில் 1983 முதல் இயங்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இதற்கென்றே உள்ளன. செவிக் குறை எவ்வளவு முன்னதாகத் தெரிகிறதோ அவ்வளவு பேச்சு மீளும்.

எங்கள் அன்னையார் வைகாசிக் கடைசியில் ஊர் திரும்பினார். இந்த ஆவணியில் சிறுமிக்கு இரண்டு வயது நிறையப் போகிறது. இரண்டு சொற்களை இணைத்துப் பேசுகிறாள். "அப்பா ஆபீஸ்", "பாட்டி காணோம்" என்பவை அடிக்கடி வருபவை. கண்முன் இல்லாதவரைப் பற்றிப் பேசும் ஆற்றல் இப்பருவத்துக்கே உரியது. வேற்றுமை உருபுகளும் வந்துவிட்டன. "பாட்டிக்கு" என்று தன் பிஸ்கோத்தில் பாதியை ஒதுக்கி வைக்கிறாள், பிறகு தானே தின்றுவிடுகிறாள். சென்ற ஞாயிறன்று கைபேசியில் அன்னையார் தோன்றியபோது, இவள் சமையலறைக்கு ஓடி, இஞ்சி தட்டும் சிறு கல்லுரலை இழுத்துக்கொண்டு வந்து திரையின் முன்னே வைத்து, "டொக் டொக், பாட்டி" என்றாள். அங்கே திருச்சிராப்பள்ளியில் இரும்பு உரலைத் தேடி எடுத்துவர இரண்டு நிமிடம் ஆயிற்று. அதுவரையில் அவள் திரையை விட்டு அகலவில்லை. தீபாவளிக்கு வரும் வண்டியில் இடம் பதிவு செய்தாயிற்று.